திண்ணையில் யார், தெருவில் யார்: கோணத்திலும் எடிட்டிங்கிலும் அதிகாரம்

கேமராவைத் தாழ வைத்து அண்ணாந்து பார்த்தால் ஆள் பெரியவராகத் தெரிவார், மேலேயிருந்து குனிந்து பார்த்தால் சிறுத்துப்போவார் என்பது குறும்படம் எடுக்க வரும் மாணவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படும் பாடம். லோ ஆங்கிள் என்றால் அதிகாரம், டாப் ஆங்கிள் என்றால் இயலாமை. இந்தப் பாடம் பொய்யில்லை. ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு எடுக்கப்படும் படங்களில் பண்ணையாரும் இன்ஸ்பெக்டரும் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு ஒரே மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பார்ப்பவருக்குப் பயமும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. அதிகாரத்துக்கு எப்போதும் இருவர் வேண்டும் என்பதே காரணம். ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவர் நிற்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பேசி முடிக்கும் வரை இன்னொருவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், மற்றவர் ஐயா என்கிறார். தனியாக ஒருவரை எவ்வளவு தாழ்விலிருந்து எடுத்தாலும் இந்த உறவு திரைக்கு வராது. ஒரே ஃபிரேமுக்குள் இருவருக்கும் கிடைக்கும் இடத்திலும், ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவும் கணத்திலும்தான் வரும். எனவே இந்த அத்தியாயம் உங்களிடம் கேட்பது ஒன்றே: கோணத்தை முடிவு செய்யும் முன், யார் யாரைக் காக்க வைக்கிறார் என்பதை முடிவு செய்யுங்கள்.

லோ ஆங்கிளுக்கே உலகப் புகழ் பெற்ற படத்தை முதல் சாட்சியாக எடுத்துக்கொள்வோம். ஆர்சன் வெல்ஸ் இயக்கி 1941-இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ படத்துக்கு ஒளிப்பதிவு கிரெக் டோலண்ட். தரையைத் தோண்டி, அந்தக் குழிக்குள் கேமராவை இறக்கி எடுத்த காட்சிகள் அதில் உண்டு. அவற்றில் மிகத் தாழ்வான கோணம் எந்த இடத்தில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். படத்தின் நாயகன் கேன் தேர்தலில் தோற்ற இரவு, ஆளில்லாத தேர்தல் அலுவலகத்தில், பழைய நண்பன் குடித்துவிட்டு வந்து அவன் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் காட்சி அது. கேன் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறான். கூரை அவன் தலைமேல் அழுத்துகிறது. அந்த ஆகிருதியே அவனுக்குச் சுமையாகத் தெரிகிறது. சூத்திரப்படி பார்த்தால் அந்தக் கணத்தில் அவன் உச்சத்தில் இருக்க வேண்டும். இருப்பதோ வீழ்ச்சியில். முந்தைய காட்சிகளில் கூட்டமும் கைதட்டலும் இருந்தன, இப்போது ஒருவரும் இல்லை என்ற வரிசைதான் கோணத்தின் பொருளைத் திருப்பிப் போட்டது. இன்னொரு சாட்சி ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு. பாயில் உட்கார்ந்திருப்பவரின் உயரத்துக்கும் கீழே கேமராவை வைத்துப் படம் எடுத்தவர் அவர். ஆனாலும் அவருடைய அப்பாக்களும் மகள்களும் யாரையும் மிரட்டுவதில்லை, ஏனென்றால் கேமரா தாழ்ந்திருக்கிறதே தவிர அண்ணாந்து பார்க்கவில்லை. கேமராவின் உயரம் வேறு, அதன் சாய்வு வேறு. கேமராவை முழங்கால் உயரத்தில் வைத்துவிட்டு லென்ஸை நேராக வைத்தால் ஒரு பொருள், மேல்நோக்கிச் சாய்த்தால் முற்றிலும் வேறு பொருள். படப்பிடிப்பில் இவ்விரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யப் பழகிக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் படங்களில் அதிகாரம் கோணத்தைவிட நாற்காலியில்தான் அதிகம் பேசப்பட்டிருக்கிறது. ‘படையப்பா’வில் (1999) நீலாம்பரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், வந்தவருக்கு உட்கார ஒன்றும் போடப்படவில்லை. படையப்பா துண்டை வீசி மேலே கட்டியிருக்கும் ஊஞ்சலை இறக்கி, அவளுக்கு எதிரே அதே போல் உட்காருகிறார். தியேட்டர் அதிர்ந்தது, பறிக்கப்பட்ட இருக்கை திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டதற்காக. ‘மாமன்ன’னில் (2023) மாரி செல்வராஜ் அதே இருக்கையை அரசியலாக்கினார். சட்டமன்ற உறுப்பினராக இருந்தும் மாமன்னன் தன் கட்சிக்காரரான ரத்னவேல் முன்னால் உட்காராமல் நிற்கிறார். உட்காரச் சொல்வது மாமன்னனின் மகன். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது மாமன்னனாக நடிக்கும் வடிவேலுவின் உடலைக் கவனியுங்கள்: தோள், கை, நிற்கும் விதம். எத்தனை வருடங்களாக அவர் அங்கே நின்றிருக்கிறார் என்பது வசனம் இல்லாமலே தெரியும். த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ (2021) இதை இன்னும் சுருக்கமாகச் சொல்கிறது. வழக்கறிஞர் நாளிதழ் படிக்கிறார். பக்கத்து நாற்காலியில் அமரும் சிறுமி தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, கால்மேல் கால் போடுகிறாள். அண்ணாந்து பார்க்கும் கேமராவும் முதுகுக்குப் பின்னால் சூரியனும் அங்கே தேவைப்படவில்லை. அந்தப் பார்வைக்கும் கால் அசைவுக்கும் இடையே விடப்பட்ட சின்ன இடைவெளி போதுமானதாக இருக்கிறது. அந்த இடைவெளியின் நீளம் எடிட்டிங்கில் தீர்மானமாவது.

இனி புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிரேனும் டிராலியும் இல்லை என்ற கவலை இங்கே வேண்டாம், ஏனென்றால் யார் மேலே, யார் கீழே என்பதை ஊர் ஏற்கெனவே கட்டிவைத்திருக்கிறது. பழைய வீடுகளின் திண்ணை தெருவிலிருந்து இரண்டரை, மூன்றடி உயரம். அதில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணும், தெருவில் நிற்பவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வந்துவிடும், அல்லது உட்கார்ந்தவர் ஒரு சாண் மேலேயே இருப்பார். அதாவது ஒருவர் ஓய்வாக அமர்ந்துகொண்டே நிற்பவருக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க முடிகிற ஏற்பாடு அது. பாகூர் ஏரிக்கரையும் அப்படித்தான். தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்கு வந்து, மதகு வழியாக வயலுக்கு இறங்குகிறது. மதகைத் திறக்கும் உரிமை உள்ளவர் கரைமேல் நிற்கிறார், தண்ணீருக்குக் காத்திருப்பவர் கீழே வயலில் நிற்கிறார். இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் லோ ஆங்கிளை நீங்கள் திணிக்க வேண்டியதே இல்லை. கீழே நிற்பவரின் கண் உயரத்தில் கேமராவை வைத்தாலே போதும், மேலே நிற்பவரை அது இயல்பாக அண்ணாந்து பார்க்கும். பார்ப்பவருக்கும் இது உத்தியாகத் தோன்றாது, அந்த மனிதரின் பார்வையாகவே தோன்றும்.

நடவு வயலை எடுக்கும்போது கேமரா எங்கே நிற்கிறது என்பது அறம் சம்பந்தப்பட்ட கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. பெரும்பாலான மாணவர்கள் வரப்பில் நின்றுகொண்டு, குனிந்து நாற்று நடும் பெண்களை எடுக்கிறார்கள். முதுகுகள் மட்டும் கிடைக்கின்றன; வரிசை அழகாக இருக்கிறது; முகமே இல்லை. வரப்பில் நின்று பார்ப்பது யாருடைய பார்வை? வேலை வாங்குபவரின் பார்வை. படத்தின் கதை அந்தப் பெண்களின் பக்கம் நிற்பதாக இயக்குநர் நினைத்துக்கொண்டிருக்க, கேமரா எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டது. டிரோனில் இது இன்னும் மோசம். பச்சைக் கட்டங்களுக்கு நடுவே வண்ணப் புள்ளிகளாக மனிதர்கள் தெரிவார்கள். அந்த ஷாட் யாருடைய உழைப்பையும் யாருடைய அதிகாரத்தையும் சொல்லாது. சேற்றில் இறங்குங்கள். கேமராவை முழங்கால் உயரத்தில், சாய்க்காமல் வையுங்கள். குனிந்திருக்கும் முகங்கள் முன்னால் பெரிதாக வரும்; வரப்பில் குடைபிடித்து நிற்பவர் தூரத்தில் சின்னதாக, சற்று மங்கலாக, ஆனால் எப்போதும் ஃபிரேமின் ஓரத்தில் இருப்பார். அவர் சிறியவராகத் தெரிவதால் அதிகாரம் குறைந்துவிடாது. ஃபிரேமை எப்படித் திருப்பினாலும் அவர் விலகமாட்டார் என்று பார்ப்பவர் உணரும்போது அது கூடவே செய்யும்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் இதற்கு நேர் எதிரான பாடம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வந்து வடம் பிடித்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் தொட்டுத் தேரைத் தொடங்கிவைக்கிறார்கள். வடத்தைப் பிடித்தவர் எல்லோரும் ஒரே தரையில், ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். அப்படியிருந்தும் மறுநாள் செய்தியில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கேமராக்கள் எல்லாம் வடத்தின் முன்முனையில் குவிந்திருக்கின்றன. ஷாட் அந்தக் கைகளில் தொடங்குகிறது. அவர்கள் நகர்ந்ததும் கட் ஆகிவிடுகிறது. வீதி முழுக்கத் தேரை இழுத்து நிலைக்குக் கொண்டுவருகிற ஆயிரம் கைகள் பொதுவான ஒரு வைட் ஷாட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. கோணம் சமம்தான். சமமில்லாதது ஷாட்டின் தொடக்கமும் நீளமும். நல்ல பயிற்சி வேண்டுமென்றால், தேரோட்டத்தன்று வடத்தின் கடைசி முனையைப் பிடித்திருப்பவரின் பக்கத்தில் கேமராவுடன் நில்லுங்கள். முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல், கொட்டுச் சத்தத்தையும் கூச்சலையும் கேட்டு, வடம் இறுகும்போது இழுப்பவர் அவர். அவரிடம் தொடங்கி, தேர் நிலைக்கு வந்ததும் அவரிடமே முடியும் மூன்று நிமிடப் படம் எடுங்கள். அதே திருவிழா வேறு கதை சொல்லும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். சாதாரணமாகப் படம் பார்ப்பவர் இதையெல்லாம் கவனிக்கிறாரா, கதையைத்தானே பார்க்கிறார் என்று கேட்பார்கள். அவர் கவனிப்பதில்லை என்பது உண்மை. கவனிக்காமலே கேமராவின் பக்கம் சாய்ந்துவிடுகிறார் என்பதற்குச் சினிமாவுக்கு வெளியே வலுவான சான்று இருக்கிறது. ஓஹையோ பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் லாசிட்டர் 1980-களிலிருந்து காவல்துறை விசாரணை வீடியோக்களை வைத்து ஆய்வுகள் நடத்தினார். ஒரே வாக்குமூலம், ஒரே வார்த்தைகள். கேமரா சந்தேக நபரின் முகத்தை மட்டும் காட்டியபோது, அவர் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதாகவே பார்த்தவர்கள் கருதினார்கள். விசாரிப்பவரும் சம அளவில் தெரியும்படி எடுத்ததைப் பார்த்தவர்களிடம் அந்தச் சாய்வு குறைந்தது. பின்னால் நடந்த ஆய்வுகளில் நீதிபதிகளும் காவல்துறையினரும்கூட இதற்கு விதிவிலக்காக இல்லை. நியூசிலாந்து காவல்துறை இருவரையும் சமமாகக் காட்டும் முறையை விதியாகவே ஏற்றது. அதட்டுகிறவர் ஃபிரேமுக்கு வெளியே இருந்தால் அதட்டலே கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. காவல்நிலையக் காட்சி எடுக்கும் மாணவர் இதிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளக்கூடியது: மிரட்டலைக் காட்ட வேண்டுமானால் மிரட்டுபவரின் முதுகோ தோளோ ஃபிரேமில் இருக்கட்டும். நம் யூனிட்டுகளில் ‘சஜஷன்’ என்று சொல்கிறோமே, அந்தத் தோள்வழி ஷாட்டின் உண்மையான வேலை இதுதான். முகம் தெரியாத அந்தத் தோள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை வைத்தே எதிரே இருப்பவரின் நிலையைச் சொல்லிவிடலாம். புதுச்சேரிக் காவலரின் சிவப்புக் கெப்பித் தொப்பி, பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது, இதற்கு வசதியான பொருள். ஃபிரேமின் ஓரத்தில், ஃபோகஸ் இல்லாமல், மேசைமேல் அது இருந்தாலே போதும்.

எடிட்டிங்குக்கு வருவோம். மாணவர் படங்களின் டைம்லைனைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே முறைதான் தெரியும்: யார் பேசுகிறாரோ அவர் முகத்துக்கு கட், அடுத்தவர் பேசினால் அவர் முகத்துக்கு கட். இப்படி வெட்டினால் இருவரும் சமமாகிவிடுகிறார்கள். பண்ணையாருக்கும் கூலிக்காரருக்கும் நடப்பது தொலைக்காட்சி விவாதம் மாதிரி ஆகிவிடுகிறது. அதிகாரம் உள்ளவர் பேசும்போது கேட்பவரின் முகத்திலேயே இருங்கள். குரல் அவர்மேல் விழட்டும். அப்போதுதான் பேச்சு ஒரு செயலாக மாறும். ‘பாட்ஷா’வில் (1995) தங்கையின் கல்லூரி இடத்துக்காக மாணிக்கம் தனியாகப் பேசும் காட்சியை ஊரே அறியும். அவர் என்ன சொன்னார் என்பது நமக்குக் கேட்பதில்லை. எதிரே இருப்பவர் பதறுவதுதான் தெரிகிறது. அந்தப் பதற்றத்திலிருந்து பாட்ஷாவின் உயரத்தை நாமே அளந்துகொள்கிறோம். வெற்றிமாறனின் ‘விசாரணை’ எதிர்முனையில் நின்று இதையே செய்கிறது. ஆந்திரக் காவல்நிலையத்தில் தமிழ்த் தொழிலாளிகள் தங்களுக்குப் பிடிபடாத தெலுங்கில் விசாரிக்கப்படுகிறார்கள். சொல்லின் பொருள் தெரியாத முகங்களில் படம் தங்குவதால், அடுத்து என்ன வரும் என்ற அச்சம் நமக்கும் தொற்றுகிறது. அந்தப் படத்தின் எடிட்டர் கிஷோர் இளம் வயதிலேயே 2015-இல் இறந்துபோனார். சிறந்த படத்தொகுப்புக்கான தேசிய விருது அவர் மறைவுக்குப் பின் வந்தது. அதிகாரத்தைப் படமாக்க நினைக்கும் மாணவர் ‘விசாரணை’யை ஒரு தரம் ஒலியில்லாமல் போட்டு, ஒவ்வொரு கட்டும் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வது பல வகுப்புகளுக்குச் சமம்.

காக்க வைப்பதும் எடிட்டிங்கின் வேலையே. இதில் நமக்குச் சினிமாவைவிடப் பழைய ஆசான் உண்டு. புதுச்சேரிக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் இன்றும் நடக்கும் தெருக்கூத்தில் ராஜவேடம் நேராக வந்து நிற்பதில்லை. கட்டியக்காரன் வருகையை அறிவிக்கிறான். இருவர் திரை பிடிக்கிறார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை கேட்கிறது, கிரீடத்தின் நுனி தெரிகிறது, குரல் வருகிறது. முகம் தெரிவதற்குள் கூட்டம் ராஜாவை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. நடிகரும் பார்ப்பவரும் ஒரே மண்ணில் இருக்கும் அரங்கு அது. உயரத்தைத் தந்தது தாமதம். படத்தில் இதைச் செய்ய, அதிகாரமுள்ளவரின் முகத்தை முதல் சில ஷாட்டுகளுக்குக் கொடுக்காதீர்கள். செருப்பு, கை, ஃபோன் பேசும் குரல் மட்டும் இருக்கட்டும். ஆனால் எல்லாப் படத்திலும் இதைச் செய்தால் இன்ட்ரோ பில்டப்பாகச் சுருங்கிவிடும். முகத்தை மறைப்பதற்குக் கதைக்குள் காரணம் வேண்டும்: வந்தவரை அவர் இன்னும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்பது போல.

இவற்றை ஒரு கற்பனைக் காட்சியில் பொருத்திப் பார்ப்போம். பாகூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். அஞ்சலை நடவுக்கூலி பாக்கி கேட்க நிலக்காரர் வீட்டுக்கு வருகிறாள். அவர் திண்ணையில் உட்கார்ந்து ஃபோன் பேசிக்கொண்டிருக்கிறார். முதல் ஷாட்டை எதிர்வீட்டு ஓரத்திலிருந்து வைட்டில் வையுங்கள். அவள் இடப்பக்கமிருந்து நடந்து வந்து, தாழ்வாரத்தின் நிழலுக்கு ஓரடி வெளியே, வெயிலில் நிற்கிறாள். இங்கே கட் செய்யாதீர்கள். ஐந்து வினாடியில் பார்ப்பவருக்கு அடுத்த ஷாட் வேண்டும் என்று தோன்றும். பத்து வினாடியில் அவள் நிற்பது பார்ப்பவருக்கும் வலிக்கத் தொடங்கும். அடுத்தது அவள் முகம், அவள் கண் உயரத்தில். அவருடைய ஃபோன் பேச்சும் சிரிப்பும் அதன்மேல் ஓடட்டும். பிறகு அவருடைய கால், வெற்றிலைத் தட்டு, ஆடும் விசிறி. ‘என்னா அஞ்சலை?’ என்று அவர் கேட்கும்போதுதான் அவர் முகம், அதுவும் அவள் தோள்வழியாக. திண்ணை உயரத்தால் கேமரா லேசாக அண்ணாந்திருக்கும். அவருடைய இடத்திலிருந்து அவளைக் குனிந்து பார்க்கும் ஷாட்டை எடுக்கவே வேண்டாம். பாக்கியைப் பற்றி அவர் மழுப்புகிறார். அவள் ஒரு நோட்டை எடுத்துத் திண்ணைமேல் வைக்கிறாள். வேலை செய்த நாட்களைப் பள்ளிக்கூடம் போகும் மகள் அதில் வரிசையாக எழுதியிருக்கிறாள். நோட்டுக்கு ஒரு குளோசப். அவள் நிழலுக்குள்கூட வரவில்லை, அவளுடைய பொருள் திண்ணை ஏறிவிட்டது. அதைப் படிக்க அவர் குனிய வேண்டும். மறுபடி முதல் வைட்: கேமரா நகரவில்லை, உயரம் மாறவில்லை, ஆனால் இப்போது அவர் தலை அவள் தலைக்குக் கீழே இருக்கிறது. ஃபோன் அடிக்கிறது. அவர் எடுக்கவில்லை. அவர் பக்கம் புரட்டும் நேரம் முழுவதும் அவள் முகத்தில் இருங்கள். முதலில் அவள் காத்திருந்த பத்து வினாடியை இப்போது அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.

எடுத்து முடித்த பிறகு இதே ஃபுட்டேஜை வேறு மாதிரி வெட்டிப் பாருங்கள். அவர் ஃபோன் பேசுவதில் தொடங்கி, அவர் பேசும்போதெல்லாம் அவர் முகத்தையே காட்டி, அவள் நிற்பதை இரண்டு வினாடிக்குக் குறைத்துவிடுங்கள். ஒரு வசனமும் மாறவில்லை. ஆனாலும் இப்போது இது, வேலையாக இருக்கும் ஒரு மனிதரை ஒருத்தி வந்து தொந்தரவு செய்யும் காட்சி. கோணத்தைவிட எடிட்டிங்குக்கே அதிகாரத்தின் மேல் அதிகப் பிடி இருக்கிறது என்பதை இந்த இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் மறுக்க முடியாது.

மொபைலில் எடுக்கிறோம், கோணமெல்லாம் எங்கே என்பவர்களுக்கு ஒரு விஷயம். பெரும்பாலான மொபைல்களின் பிரதான லென்ஸ் அகலமானது, முழு ஃபிரேம் கேமராவின் 24 முதல் 26 மில்லிமீட்டருக்குச் சமம். ஆளுக்கு இரண்டடி தூரத்தில், தாழ்விலிருந்து அண்ணாந்து எடுத்தால் முகவாயும் மூக்கும் பெருத்து, மிரட்ட வேண்டியவர் கேலிச்சித்திரமாகிவிடுவார். ஆறேழு அடி பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். முகம் இயல்பாகும், பின்னால் இருக்கும் சுவரோ தூணோ நெருங்கி வந்து அவருக்கு எடை கூட்டும். மொபைலுக்கு உள்ள பெரிய வசதி, அதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது: திண்ணை விளிம்பில், மதகுச் சுவரில், மேசைக்கு அடியில்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இப்படி எடுத்தால் நிலக்காரர் வில்லனாகிவிடுவார், படம் பிரச்சாரமாகிவிடும், நிஜத்தில் அவருக்கும் கஷ்டம் இருக்கிறதே என்பது. இருக்கிறது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர்ப் பகுதியை மூழ்கடித்தது. பயிர் போன நிலக்காரரிடம் கூலி கொடுக்கக் காசில்லாமல் இருந்திருக்கலாம். அதைக் காட்டும் வழி, அஞ்சலையின் காட்சியில் அவரை மென்மையாக்குவது இல்லை. அது அவளுடைய காத்திருப்பைத் திருடுவதாகும். அவருக்கென்று இன்னொரு காட்சி எழுதுங்கள். நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கேட்க அவர் ஒரு அலுவலகத்தில் நிற்கட்டும். அஞ்சலைக்கு வைத்த அதே வைட், அதே நீளம், மேசைக்குப் பின்னால் முகம் தெரியாத அதே குரல். இரண்டு காட்சிகளும் தூரத்திலிருந்து ஒன்றையொன்று பார்க்கும். பார்ப்பவர் தானாகச் சேர்த்துக்கொள்வார். அதிகாரம் ஒருவரின் கெட்ட குணத்தால் வருவதில்லை, அவர் நிற்கும் இடத்தால் வருகிறது என்பதை வசனம் பேசாமல் சொல்ல இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. டாப் ஆங்கிளைப் பற்றிய எச்சரிக்கையும் இங்கேயே பொருந்தும். இயலாதவரை மேலிருந்து காட்டினால் பரிதாபம் வரும், ஆனால் பரிதாபப்படுபவர் மேலே நின்றுகொண்டுதான் பரிதாபப்படுகிறார். அந்த ஷாட்டைப் பயன்படுத்தும் முன் அது யாருடைய கண் என்று கேட்டு, பதில் இருந்தால் மட்டும் வையுங்கள்.

ஆளே இல்லாமலும் அதிகாரத்தைப் படமாக்கலாம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலே இல்லை. கொம்யூன் பஞ்சாயத்துகள் எனப்படும் கிராம உள்ளாட்சி அமைப்புகள் அதிகாரிகளின் கையில் இயங்கின. மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் உட்கார வேண்டிய நாற்காலி காலியாக இருக்கும் ஒரு அறை, வெளியே மனுவோடு ஒரு வரிசை: ஒரு குறும்படத்துக்கு இது போதும். கேமராவை நாற்காலியின் உயரத்தில், அதற்குப் பின்னால் வைத்து, கதவு வழியாக வரிசையைப் பாருங்கள். வாக்கே அதிகாரத்தை மாற்றிய இடமும் இங்கே உண்டு. முன்பு சொன்ன வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. துப்பாக்கிச் சத்தமோ கோட்டை வாசலோ இல்லாமல், வாக்கு எண்ணிக்கையில் ஓர் ஆட்சி கைமாறிய இடம். அதை எடுக்கப் போகும் மாணவருக்கு லோ ஆங்கிள் ஒன்றும் உதவாது; கைகள், சீட்டுகள், எண்ணுபவரின் உதடு, கேட்பவர்களின் முகங்கள் என்று கட்டின் வரிசையில்தான் அந்தக் கைமாற்றம் நிகழ வேண்டும்.

கோயில், காவல்நிலையம், கொம்யூன் அலுவலகம் எதுவானாலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். நடிகர்கள் காவலர் சீருடை அணிந்து சாலையில் எடுப்பதானால் உள்ளூர்க் காவல்நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். படம் முடிந்ததும் கல்லூரி அரங்குக்குக் கொண்டுபோகும் முன், எடுத்த ஊரிலேயே ஒரு மாலை திரையிடுங்கள். வயலில் குனிந்தவர்களும் வெயிலில் நின்றவர்களும் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரட்டும். எந்த இடத்தில் ஷாட் சீக்கிரம் முடிந்துவிட்டது என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து மறுபடி எடிட் செய்யுங்கள்.